சிறுவிடை முட்டைகளைப் பொரிப்பகம் ஏற்கவில்லை, வழி சொல்லுங்கள்

உறவுகளுக்கு வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழி இனத்தை வளர்க்கிறோம். கூலிக்குக் குஞ்சு பொரித்துத் தரும் ஓரிடத்துக்கு அனுப்பிய முட்டைகளில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. எல்லாம் சேவலோடு சேர்ந்த கோழிகள் இட்டவை. அதே கோழிகளின் முட்டைகளை வீட்டில் அடை வைத்தபோது நன்றாகப் பொரிந்தன.

விரிசல், மெல்லிய ஓடு, எச்சம் ஒட்டியது, இரட்டைக் கரு ஆகியவற்றை ஒதுக்குவது நியாயம். 21 நாள் சூட்டில் ஒரு முட்டை அழுகி வெடித்தாலும் சுற்றியுள்ளவை கெடும். கழுவியும் கொடுக்க முடியாது. ஓட்டின் மேலிருக்கும் இயற்கைப் பூச்சு போனால் கிருமி எளிதில் உள்ளே புகும்.

எங்கள் சிக்கல் வேறு. ஒன்று, அளவு. 50 கிராமுக்குக் குறைந்தால் வேண்டாம் என்கிறார்கள். சிறுவிடை முட்டை இயல்பிலேயே சிறியது, அது குறையாகுமா?

இன்னொன்று, வெயில். ஒரு வாரத்துக்குள் கொடுத்தாலும், அதுவரை 15 முதல் 18 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். இங்கே சித்திரையில் வீட்டுக்குள்ளேயே அனல். சுமார் 21 டிகிரியைத் தாண்டினாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி வீணாகிறது. ஃபிரிட்ஜின் குளிரும் கருவுக்கு ஆகாது.

ஈரமணலில் வைத்த மண்பானை போதுமான குளிர்ச்சி தருமா? மதுரை, திருமங்கலம், தேனிப் பக்கம் நாட்டுக்கோழி முட்டைக்கென்றே தட்டு வைத்திருக்கும் பொரிப்பகம் உண்டா? சிறிய இன்குபேட்டர் வாங்கியவர்கள் மின்வெட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் விவரமாக எழுதுங்கள். அடுத்த ஈடு முட்டை சேர்ந்துகொண்டிருக்கிறது.