கொல்லையில் சிட்டுக்குருவி இறங்கவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

திருப்பாலைவாசி:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் கொல்லை. ஒரு முருங்கை, சுவரோரம் மருதாணிப் புதர், துவைக்கிற கல், அவ்வளவுதான். ஒன்றரை மாதமாகக் காலையில் நடுக்கொல்லையில் ஸ்டூல் போட்டு, பெரிய தாம்பாளத்தில் அரிசியும் ராத்திரி மிஞ்சின சோறும் வைக்கிறேன். காக்காயும் மாடப்புறாவும்தான் வருகின்றன, புறா இருபது முப்பதாக இறங்கிப் பத்தே நிமிஷத்தில் காலி பண்ணிவிடுகிறது. தெருமுனை மளிகைக்கடையில் சாக்கு மூட்டைக்கு நடுவே சிட்டுக்குருவி கத்திக்கொண்டே இருக்கிறது, நூறடி தள்ளி இருக்கிற என் வீட்டுக்கு ஒன்றுகூட வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, வெளியே போக முடியாது, ஜன்னல் வழியாகக் குருவி பார்க்க ஆசைப்படுகிறார்கள். எங்கே தப்பு பண்ணுகிறேன்?

ஒத்தக்கடைக்காரர்:
தம்பி, தாம்பாளம் வைத்தால் புறாவுக்குப் பந்தி விரித்த மாதிரி. எடுத்துவிடுங்கள். கொட்டாங்குச்சியில் மூன்று துளை போட்டுக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், புறா உட்காரப் பார்த்தால் ஆடிக் கவிழும், குருவி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தின்னும். சோறு வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது, இந்த வெயிலுக்கு மதியத்துக்குள் புளித்தும் போகும். கம்பு, தினை போடுங்கள்.

அதைவிடப் பெரிய தப்பு நடுக்கொல்லை. குருவி நேராக இறங்காது, முதலில் புதருக்குள் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும், மேலே வல்லூறு பறந்தால் ஓடி ஒளிய இடம் வேண்டும். உங்கள் மருதாணிக்குப் பக்கத்தில் கட்டுங்கள். பூனை நடமாட்டம் இருந்தால் அடிக்கிளைகளைக் கழித்துவிடுங்கள், பதுங்க முடியாது.

முருங்கைக்குக் கம்பளிப்பூச்சி மருந்து அடித்தீர்களா?

திருப்பாலைவாசி:
ஆமாண்ணே, போன மாசம் அடித்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஒத்தக்கடைக்காரர்:
நிறைய இருக்கிறது. பெரிய குருவிதான் தானியம் தின்னும். குஞ்சுக்கு முதல் சில நாள் புழு பூச்சிதான் ஊட்டும். மருந்தடித்தால் கம்பளிப்பூச்சியோடு மற்ற பூச்சியும் போய்விடும், குஞ்சுக்கு இரை இல்லாத இடத்தில் கூடு எதற்குக் கட்டப்போகிறது?

மாடக்குளத்து அக்கா:
தண்ணியை யாரும் சொல்லவில்லையே! கத்திரி வெயிலில் தீனியைவிடத் தண்ணிக்குத்தான் அதிகம் வரும். அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குல ஆழம் போதும், நடுவில் ஒரு கல் போடுங்கள். தினமும் தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு கொசு முட்டை சட்டிச் சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணியை மட்டும் மாற்றினால் போகாது. ஒரு மூலையில் காய்ந்த மணலைப் பரப்புங்கள், புரண்டு குளிக்கும். எலி வராமல் இருக்கக் காலையில் ஒரு கைப்பிடி மட்டும் போட்டு, சிந்தினதைச் சாயங்காலம் கூட்டிவிடுங்கள் தம்பி. தேன்சிட்டும் வேண்டுமென்றால் சர்க்கரைத் தண்ணி வைக்காதீர்கள், இட்லிப்பூச் செடி ஒன்று நடுங்கள்.

திருப்பாலைவாசி:
பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று காலை ஆறரைக்கு மூன்று வந்தன! தொண்டை கறுத்த ஆண் ஒன்று, பெண் இரண்டு. மருதாணிக்குள் ரொம்ப நேரம் சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம் ஆண் வந்து கொட்டாங்குச்சி விளிம்பில் தொற்றியது. தினையை அலகுக்குள் உருட்டி உருட்டித் தோலை உரித்துத் துப்புகிறது, அலகோரம் உமி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மா காபியை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இன்று அது துடைப்பத்திலிருந்து ஒரு நாரை உருவிக்கொண்டு போனது. கூட்டுப்பெட்டி வைத்தால் ஓட்டை எவ்வளவு அகலம் வேண்டும்?

ஒத்தக்கடைக்காரர்:
ஒன்றேகால் அங்குலம், 32 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் மைனா நுழைந்துவிடும். மேற்கு வெயில் படாத சுவரில், பத்தடி உயரத்தில், இன்றைக்கே மாட்டிவிடுங்கள் தம்பி, நார் எடுக்க ஆரம்பித்துவிட்டதே.