சந்தேகம்: ஸ்பெக்கில் எந்த டயகிராம் போடுவது? அவசரம்

மாறன்_கே: வணக்கம். டயகிராம் சரியில்லை என்று ரிவ்யூவில் என் ஸ்பெக்கை (சாஃப்ட்வேர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆவணம்) திருப்பி அனுப்பிவிட்டார்கள். 3 பக்கத்துக்கு கிளாஸ் டயகிராம் (கோடின் உள்ளமைப்பைக் காட்டும் படம்) போட்டிருந்தேன், யாருக்கும் புரியவில்லையாம். சாஃப்ட்வேர் படங்களுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூஎம்எல்லில் மட்டும் 14 வகை இருக்கிறது. எதைப் போடுவது? நாளைக்குள் தர வேண்டும்.

செல்வி: என்ன சிஸ்டம்? யார் படிக்கப் போகிறார்கள்? இரண்டையும் சொல்லுங்கள்.

கோட்டோவியன்: சி4 போடுங்க, சிஸ்டத்தை வெளியிலிருந்து உள்ளே படிப்படியாகக் காட்டும் முறை. கான்டெக்ஸ்ட் (சிஸ்டமும் அதைச் சுற்றியிருப்பவையும்), கன்டெய்னர் (உள்ளே இருக்கும் பெரிய பகுதிகள்) இரண்டு படம் போதும். நான் அதைத் தாண்டிப் போனதே இல்லை.

பழையகை: தம்பி, கிளாஸ் டயகிராம் கோட் எழுதுபவருக்கு. தேவையைச் சொல்லும் ஆவணத்தில் அதற்கு என்ன வேலை? முதலில் அடிப்படையைப் படியுங்கள். சிஸ்டத்தின் எல்லைக்கு யூஸ் கேஸ் படம், தரவுக்கு ஈஆர் படம் (எந்தத் தரவு எதோடு தொடர்புடையது என்பது). 1976-ல் கணினி அறிஞர் பீட்டர் சென் கொடுத்த அந்த ஈஆர் இன்றும் போதும்.

செல்வி: அடிப்படை தெரிந்திருந்தால் அவர் ஏன் இங்கே கேட்கிறார், அண்ணா? யூஸ் கேஸ் படத்தில் குச்சி மனிதனும் நீள்வட்டமும்தான் இருக்கும். விவரமெல்லாம் எழுத்தில்தானே?

பழையகை: யார் எதைச் செய்யலாம் என்பது ஒரே பார்வையில் தெரியும். அதை எழுத்தில் தேட நாலு பக்கம் புரட்ட வேண்டும்.

கோட்டோவியன்: எதைப் போட்டாலும் பிளான்ட்யூஎம்எல்லில் (எழுத்தில் கொடுத்தால் படமாக்கும் கருவி) எழுதுங்க. மவுஸால் வரைந்த படத்தை அப்புறம் யாரும் திருத்த மாட்டார்கள்.

மாறன்_கே: மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். ஆர்டர் சிஸ்டம். படிப்பது டெஸ்டிங் டீம். ஆர்டரை ரத்து செய்யும் பகுதியில்தான் கேள்வி மேல் கேள்வி வருகிறது.

கார்முகில்: அப்படியானால் ஸ்டேட் டயகிராம், அதாவது நிலைமாற்றங்களைக் காட்டும் படம். ஆர்டர் இருக்கக்கூடிய நிலைகளை எழுதுங்கள்: பதிவானது, பணம் கட்டியது, அனுப்பியது, சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் ‘ரத்து’ வந்தால் எங்கே போகும் என்று அம்பு போடுங்கள். பக்கத்தில் ஓர் அட்டவணையும் வையுங்கள்: இடப்பக்கம் நிலைகள், மேலே நிகழ்வுகள். கட்டம் காலியாக இருந்தால் அங்கே ஒரு விதி விட்டுப்போயிருக்கிறது. நடக்கவே கூடாததென்றால் ‘அனுமதி இல்லை’ என்று எழுதிவிடுங்கள். டெஸ்ட் கேஸை அதிலிருந்தே எடுத்துவிடுவார்கள். பேமென்ட் கேட்வேயிலிருந்து (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) பதில் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் தனியாக ஒரு சீக்வென்ஸ் டயகிராம் (எது எதற்கு எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறது என்ற படம்).

பழையகை: ஆர்டர் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

மாறன்_கே: போட்டேன். ‘பணம் கட்டியது’ நிலையில் ரத்து வந்தால் பணம் திரும்பிச் சேரும் வரை ஆர்டர் எந்த நிலையில் இருக்கும் என்று ஸ்பெக்கில் எங்குமே இல்லை. ‘பணம் திரும்புகிறது’ என்று ஒரு நிலை சேர்த்தேன். கிளாஸ் டயகிராமை எடுத்துவிட்டேன். நன்றி கார்முகில்.