பொது வகுப்பிலிருந்து தனி வகுப்புக்கு: பள்ளி மாவட்டத்தின் பரிந்துரையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நெய்தல்நிலம்:
அனைவருக்கும் வணக்கம். டெக்சஸ் மாநிலத்தில், டாலஸை ஒட்டிய ஒரு பள்ளி மாவட்டத்தில் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) எங்கள் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு ஆட்டிசம் இருப்பது நான்கு வயதில் தெரிய வந்தது. அதன்பின் ஐ.இ.பி. என்னும் தனிநபர் கல்வித் திட்டம் வகுக்கப்பட்டு, பேச்சுப் பயிற்சியுடன் பொது வகுப்பிலேயே படித்து வருகிறான். இப்போது பள்ளி அனுப்பியிருக்கும் வரைவுத் திட்டத்தில், அடுத்த மாதத்திலிருந்து நாளின் பெரும்பகுதியை அவன் சிறப்புக் கல்விக்கான தனி வகுப்பில் கழிப்பான் என்றும், மதிய உணவு, இசை, உடற்பயிற்சி ஆகியவற்றுக்கு மட்டும் மற்றப் பிள்ளைகளுடன் சேர்வான் என்றும் எழுதியிருக்கிறார்கள். அடிக்கடி இடத்தை விட்டு எழுந்து போகிறான், கணக்குப் பாடத்தின்போது சத்தமிடுகிறான், ஆகவே பொது வகுப்பு அவனுக்குப் பொருந்தவில்லை என்பது அவர்கள் கூறும் காரணம். பெற்றோரும் பள்ளியினரும் சேர்ந்து ஐ.இ.பி.யை முடிவு செய்யும் ஏ.ஆர்.டி. குழுவின் அடுத்த கூட்டத்தில் எங்கள் முடிவைக் கேட்பார்கள். மாவட்டத்தின் நிபுணர்கள் சொல்வதை ஏற்பதா, மறுப்பதா என்று தெரியவில்லை. இரண்டு பக்கத்துக் கருத்துகளையும் காரணத்தோடு சொல்லுங்கள்.

வைகைக்கரை:
ஐயா, நானும் இதே மாநிலத்தில் சிறப்புக் கல்வி பெறும் ஒரு மகனின் தந்தை. ஏற்காதீர்கள் என்பதே என் கருத்து.

1975-ல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டு, 1990 முதல் ஐ.டி.இ.ஏ. என்று அழைக்கப்படும் மத்தியச் சட்டம், ஊனமுற்ற பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு இயன்ற அளவு சேர்த்தே படிக்கவைக்க வேண்டும் என்கிறது. கூடுதல் உதவிகளைக் கொடுத்த பிறகும் பொது வகுப்பில் திருப்தியாகக் கற்பிக்க முடியாத நிலை இருந்தால்தான் பிரிக்கலாம். உங்கள் மகனுக்குப் பேச்சுப் பயிற்சியைத் தவிர வேறு என்ன உதவி தரப்பட்டது? வகுப்பில் உதவியாளர் இருந்தாரா? அவன் ஏன் எழுந்து போகிறான் என்று யாராவது முறைப்படி ஆராய்ந்தார்களா? நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. பிள்ளைக்கு என்ன தேவை என்று மதிப்பிடுவதும் மாவட்டம், அந்தத் தேவைக்குச் செலவழிப்பதும் அதே மாவட்டம். இந்த இரட்டைப் பொறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த மாநிலமே சாட்சி. 2004-ல் டெக்சஸ் கல்வித் துறை, சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் மொத்தத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த மாவட்டம் குறைந்த மதிப்பெண் பெறும் என்று ஓர் அளவுகோல் வைத்தது. அப்போது ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த பங்கு 2015-க்குள் அதே 8.5-க்கு வந்து நின்றது. நாடு முழுவதும் அது ஏறத்தாழ 13 ஆக இருந்த காலம் அது. 2016-ல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் இதை வெளிக்கொண்டு வந்தது. 2017-ல் சட்டமன்றம் இத்தகைய வரம்புகளைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் மத்திய கல்வித் துறை, மாநிலம் சட்டத்தை மீறியதாக அறிவித்தது. பத்தாண்டுக்கு மேல் எத்தனையோ பெற்றோரிடம் "உங்கள் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையில்லை" என்று சொன்னவர்களும் நிபுணர்கள்தான்.

செங்காந்தள்:
வணக்கம். நான் ஒரு மாவட்டத்தில் தொடக்கப்பள்ளிச் சிறப்புக் கல்வி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வைகைக்கரை ஐயா சொன்ன வரலாறு உண்மை, வெட்கப்பட வேண்டிய வரலாறும்கூட. ஆனால் அதை வைத்து இந்தப் பிள்ளையின் பள்ளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

டெக்சஸில் நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 22 பிள்ளைகள் வரை இருக்கலாம். அவர்களில் இருவர் மூவருக்கு ஐ.இ.பி. இருக்கும், சிலர் ஆங்கிலமே புதிதாகக் கற்பவர்களாக இருப்பார்கள். அங்கே ஒரே ஆசிரியை. உதவியாளரைக் கேளுங்கள் என்று சொல்வது எளிது. அவர்களுடைய சம்பளம் மிகக் குறைவு என்பதால் ஆண்டின் நடுவே விட்டுவிட்டுப் போகிறார்கள், மாற்று ஆள் கிடைப்பதில்லை. 1975-ல் சட்டம் இயற்றியபோது, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு கூடுதலாக ஏற்கும் என்று சொன்னார்கள். அந்த அளவை ஒருமுறைகூட எட்டவில்லை. அண்மை ஆண்டுகளில் அது 15 சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது. மீதியை மாநிலமும் மாவட்டமும் சுமக்கின்றன. ஆசை இருந்தும் கொடுக்க முடியாத நிலையில் பல பள்ளிகள் இருக்கின்றன.

தனி வகுப்பு என்றாலே பிள்ளையை ஒதுக்கி வைப்பது என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் மேசையிலும் அன்றைய வேலைகள் படங்களாக வெல்க்ரோவில் ஒட்டப்பட்டிருக்கும். கணக்கு முடிந்ததும் பிள்ளையே அந்தப் படத்தைப் பிரித்து "முடிந்தது" என்ற உறையில் போடுவான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்ததும் பல பிள்ளைகளின் பதற்றம் கண்ணெதிரே இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைப் பேசுவதால் நானும் ஒரு வழக்கைச் சொல்கிறேன். எல் பாசோ மாவட்டத்தில் டவுன் நோய்க்குறி உள்ள ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய டேனியல் ஆர்.ஆர். வழக்கில், 1989-ல் டெக்சஸையும் உள்ளடக்கிய ஐந்தாம் வட்ட மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் மாவட்டத்தின் முடிவையே ஏற்றது. ஆசிரியையின் நேரம் முழுவதையும் ஒரே பிள்ளை எடுத்துக்கொண்டால் மற்றவர்களின் கல்வியையும் கணக்கில் எடுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. டெக்சஸில் இன்றும் பின்பற்றப்படுவது அந்தத் தீர்ப்புதான்.

வைகைக்கரை:
அம்மா, உங்கள் வகுப்பைப் போல எல்லா வகுப்பும் இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன வழக்கே என் பக்கம் பேசுகிறது. நீதிமன்றம் கேட்ட முதல் கேள்வி, கூடுதல் உதவிகளோடு பொது வகுப்பில் கற்பிக்க முடியுமா என்பது. எல் பாசோவில் அச்சிறுவனைப் பொது வகுப்பில் சேர்த்து, பாடத்திட்டத்தை அவனுக்காக மாற்றிப் பார்த்தார்கள். அது பலிக்காதபோதுதான் பிரித்தார்கள். இங்கே அந்த முயற்சி எங்கே? வெல்க்ரோ படங்களைப் பொது வகுப்பு மேசையில் ஒட்ட முடியாதா? அதற்குத் தனி அறை தேவையில்லையே.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெக்சஸில் சிறப்புக் கல்விக்கான மாநில நிதி நெடுங்காலமாக, பிள்ளை எந்த வகையான வகுப்பில் இருக்கிறான் என்பதைப் பொறுத்தே கணக்கிடப்பட்டது. அவனுக்கு எவ்வளவு உதவி தேவை என்பது அதில் முதன்மையாக இல்லை. பொது வகுப்பில் இருந்தபடியே நிறைய உதவி பெறும் பிள்ளைக்கு அந்த உதவிக்கு ஏற்ற நிதி வராது. 2025-ல் சட்டமன்றம் இதை மாற்றி, சேவையின் அளவைப் பொறுத்து நிதி தரும் முறைக்கு வழி செய்திருக்கிறது. இத்தனை காலம் பழைய முறையில் பழகிய நிர்வாகங்கள் பழைய வழியிலேயே யோசிக்கும் என்பது என் அச்சம். ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. ஆள் இல்லாததும் பணம் இல்லாததும் உண்மை. அந்தப் பற்றாக்குறை, "பிள்ளைக்குப் பொருந்தவில்லை" என்ற சொற்களில் ஐ.இ.பி.க்குள் நுழைவதைத்தான் எதிர்க்கிறேன். ஆள் இல்லை என்றால் ஆள் இல்லை என்றே எழுதட்டும். அப்படி எழுத மாட்டார்கள், ஏனெனில் சட்டத்தில் அது ஒரு காரணமாக நிற்காது.

நாட்டளவில் பாருங்கள். சிறப்புக் கல்வி பெறும் 75 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பள்ளி நேரத்தில் 80 சதவீதமோ அதற்கு மேலோ பொது வகுப்பில் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை மட்டும் எடுத்தால் அது பாதியைக்கூட எட்டவில்லை. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். எந்தப் பிள்ளைகளைப் பிரிப்பது வழக்கமாகிவிட்டது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

கொடிமுல்லை:
என் மகள் இரண்டு ஆண்டுகளாகத் தனி வகுப்பில் இருக்கிறாள். பொது வகுப்பில் இருந்த காலத்தில் கடைசி மேசையில் உதவியாளருடன் தனியாக அமர்ந்து, மற்றவர்கள் செய்யும் வேலையில் ஒன்றைக்கூடச் செய்யாமல் வீடு திரும்புவாள். சேர்ந்திருக்கிறாள் என்று ஏட்டில் இருந்தது, அவ்வளவுதான். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், தோழி ஒருத்தி இருக்கிறாள். வைகைக்கரை அண்ணா சொல்லும் எண்களில் என் மகளும் பிரிக்கப்பட்டவளாகத்தான் வருவாள். ஆனால் அவள் ஒதுக்கப்பட்டவளாக இருந்தது முன்பு. மாவட்டம் சொன்னதாலேயே மறுப்பது, மாவட்டம் சொன்னதாலேயே ஏற்பது போன்ற தவறுதான்.

நெய்தல்நிலம்:
அனைவருக்கும் நன்றி. கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். உதவியாளர் யாரும் இல்லை. நடத்தையைப் பற்றிய முறையான ஆய்வு எதுவும் நடக்கவில்லை. வகுப்பாசிரியையின் குறிப்புத்தாள் ஒன்றை மட்டும் கொடுத்தார்கள். அதில் நாள்தோறும் எத்தனை முறை எழுந்தான் என்று கோடுகள் போட்டிருக்கிறார். அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் விழுந்திருக்கின்றன. பிற்பகலில் பல நாட்களில் ஒன்றுகூட இல்லை.

மதிப்பீட்டின்போது, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசினால் அவனுக்குக் குழப்பம் குறையும் என்றும் ஓர் ஆலோசனை சொன்னார்கள். இதுவும் எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. அவனுடைய பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. இன்னொரு கேள்வி: நாங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் மாற்றம் நின்றுவிடுமா?

செங்காந்தள்:
கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், இதில் பலர் ஏமாந்து போகிறார்கள். முதன்முறை சிறப்புக் கல்வியைத் தொடங்குவதற்குப் பெற்றோரின் எழுத்துபூர்வச் சம்மதம் கட்டாயம். அதற்குப் பின் வரும் மாற்றங்களுக்கு டெக்சஸில் அது கட்டாயமில்லை. நீங்கள் உடன்படவில்லை என்றால், கூட்டத்தை ஒத்திவைத்துப் பத்துப் பள்ளி நாட்களுக்குள் மீண்டும் கூட ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அப்போதும் உடன்பாடு வரவில்லை என்றால், எழுத்துபூர்வ அறிவிப்புக் கொடுத்துவிட்டு மாவட்டம் தன் முடிவை நடைமுறைப்படுத்தலாம். டியூ பிராசஸ் எனப்படும் விசாரணைக்கு நீங்கள் மனு கொடுத்தால்தான், வழக்கு முடியும் வரை பிள்ளை இப்போதுள்ள இடத்திலேயே தொடர்வான். கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

அந்த விசாரணைக்குப் போகும்படி வைகைக்கரை ஐயா அடுத்துச் சொல்வார் என்றால், அதன் விலையையும் சொல்ல வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு மனு கொடுத்தவருடையது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் ஷாஃபர் வழக்கில் சொல்லிவிட்டது. வென்றாலும் நிபுணர் கட்டணத்தைத் திரும்பப் பெற முடியாது என்று 2006-ல் இன்னொரு வழக்கில் சொன்னது. கொலராடோவில் எண்ட்ரூ என்ற ஆட்டிசம் உள்ள சிறுவனின் வழக்கில், பெற்றோர் அவனை மாவட்டப் பள்ளியிலிருந்து எடுத்துத் தனியார் பள்ளியில் சேர்த்தது 2010-ல்; மாவட்டம் ஏறத்தாழ 13 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது 2018-ல். நான்காம் வகுப்புப் பிள்ளை வளர்ந்து பெரியவனாகிவிட்டான்.

தமிழை நிறுத்தச் சொன்னது தவறான ஆலோசனை. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. பாட்டியோடு பேசும் மொழியைப் பறித்தால் அவன் பேசக்கூடிய ஆட்களில் ஒருவர் குறைவார். பிள்ளையின் திறனைச் சரியாகக் காட்டும் மொழியில் மதிப்பிட வேண்டும் என்பது சட்டம். தேவைப்பட்டால் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரையும் மாவட்டம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அந்தக் குறிப்புத்தாளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, இப்போதே இடம் மாற்றுவது அவசரம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. பத்திலிருந்து பதினொன்றுக்குள் ஏதோ ஒன்று நடக்கிறது. அது என்ன என்று பார்க்காமல் நாள் முழுவதையும் மாற்றக்கூடாது.

வைகைக்கரை:
எண்ட்ரூ வழக்கின் காலத்தைச் சொன்ன நீங்கள் அதன் பயனையும் சொல்லியிருக்கலாம். பெயரளவுக்குச் சிறிது முன்னேறினால் போதும் என்ற அளவுகோலை ஒன்பது நீதிபதிகளின் உச்ச நீதிமன்றம், அன்று இருந்த எட்டுப் பேரின் ஒருமித்த குரலில், 2017-ல் தள்ளுபடி செய்தது. அந்தப் பிள்ளையின் சூழ்நிலைக்கேற்ற முன்னேற்றத்துக்குத் திட்டம் வழி செய்ய வேண்டும் என்றது. இன்று நம் பிள்ளைகளுக்காகக் கூட்டத்தில் நாம் பேசுவது அந்தக் குடும்பம் பெற்றுத் தந்த உரிமையில்தான். விசாரணைக்கு முன் வேறு படிகளும் உண்டு: மாவட்டத்தின் மதிப்பீட்டை ஏற்கவில்லை என்றால் மாவட்டச் செலவில் வெளி நிபுணரின் மதிப்பீட்டைக் கேட்கலாம், மாநிலக் கல்வித் துறையிடம் வழக்கறிஞர் இல்லாமலே புகார் கொடுக்கலாம், 60 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

நெய்தல்நிலம்:
இன்று காலை பள்ளிக்குக் கடிதம் அனுப்பிவிட்டோம். நடத்தை பற்றிய முறையான ஆய்வு, காலை நேரத்துக்காவது ஓர் உதவியாளர், படங்களாலான கால அட்டவணை ஆகிய மூன்றையும் பொது வகுப்பிலேயே செய்து பார்க்க வேண்டும் என்றும், இடமாற்றத்தை அதுவரை ஒத்திவைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும்படியும் கோரியிருக்கிறோம்.

வைகைக்கரை:
நல்லது. உதவியாளருக்கு நேர வரம்பு சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை. "காலை நேரத்துக்காவது" என்று நாமே குறைத்துக் கேட்டால் அதிலும் பாதியைத்தான் தருவார்கள்.

செங்காந்தள்:
நேர வரம்பு இருப்பதே நல்லது என்பேன். நாள் முழுவதும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் மற்றப் பிள்ளைகள் அவனிடம் வந்து பேச மாட்டார்கள். கடிதத்தில் இரண்டு செய்திகளைச் சேருங்கள். இந்த முயற்சியை எந்தத் தேதியில், எந்தக் கணக்கை வைத்துப் பரிசீலிப்பது என்பதை எழுதச் சொல்லுங்கள். தேதி இல்லாத முயற்சி ஆண்டு முடியும்வரை இழுபடும். அடுத்து, பரிந்துரைத்திருக்கும் தனி வகுப்பை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். போனால், பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் போங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள், இரண்டாம் வகுப்புக் கணக்கு அங்கே நடத்தப்படுகிறதா என்று பாருங்கள். பேச்சில் உங்கள் மகனுக்கு ஈடான பிள்ளை ஒருவராவது அந்த அறையில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.