கோல் வாங்கிய பிறகு டீமைத் தூக்கி நிறுத்துவது யார்?

காவேரிப்பட்டணம் கீப்பர்:

நம்ம கால்பந்து டீம் சென்னையின் எஃப்சி ஒரு கோல் வாங்கினால் அதோடு தலையைத் தொங்கப்போட்டு விடுகிறது, நாலு வார்த்தை திட்டி வேலை வாங்க ஒரு கேப்டன் இல்லை என்று எங்கள் செட்டில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர், கத்துவதெல்லாம் கேமராவுக்குத்தான், கோச் சொன்னதை ஒழுங்காக ஆடினாலே போதும் என்கிறார்கள். எனக்கு இரண்டுமே முழுசாக ஒட்டவில்லை. சம்பளம் வாங்கி ஆடுகிற டீமில் எல்லோருமே திறமைசாலிகள், கோச் இருக்கிறார், பிசியோ இருக்கிறார், வீடியோ போட்டுக் காட்டவும் ஆள் இருக்கிறது. அப்புறம் கேப்டன் என்று ஒருவர் களத்தில் செய்கிற வேலை என்ன? உறுதியான ஆள் என்று யாரைச் சொல்வீர்கள்? இங்கே சின்னப் பையன்கள் எதிராளியின் கணுக்காலைப் பார்த்துப் பாய்கிறவனைத்தான் தில்லானவன் என்று கொண்டாடுகிறார்கள், அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. பொத்தாம்பொதுவாக வேண்டாம், நடந்த மேட்சை வைத்துச் சொல்லுங்கள்.

ஓசூர் லாங்பாஸ்:

அண்ணா, 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல். ஓசூரிலிருந்து பக்கம்தானே, நாங்கள் ஒரு கும்பலாக நேரிலேயே போயிருந்தோம். லீக்கில் பெங்களூரு எஃப்சி 40 புள்ளி, நாம் 32, ஆட்டமும் அவர்கள் மைதானத்தில். 9வது நிமிடமே அவர்கள் கேப்டன் சேத்ரி பறந்து வந்து தலையால் அடித்துவிட்டார். சுற்றிலும் நீலச் சட்டைதான், பக்கத்தில் இருப்பவன் பேசுவது கூடக் காதில் விழவில்லை. அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 17வது நிமிடம் கிரெகரி நெல்சன் கார்னர் எடுக்கிறார், பின்வரிசையில் காவல் நிற்க வேண்டிய மெயில்சன் ஆல்வெஸ் மேலே ஏறி வந்து தலையால் போடுகிறார். இடைவேளைக்கு முன்னால் அதே கார்னர், அதே தலை. அப்புறம் 67வது நிமிடம் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார், 3-2 என்று கோப்பை நமக்கு.

அதே சீசன் 2017 டிசம்பரில் அதே கண்டீரவாவில் லீக் மேட்ச். 85வது நிமிடம் சேத்ரி சமன் செய்கிறார், 88வது நிமிடம் நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் கோல் போட்டு 2-1 ஆக்குகிறார். 2015 கோவா ஃபைனல் இதைவிட மோசமான நிலைமை, 87வது நிமிடம் 2-1 என்று பின்தங்கி, 90வது நிமிடம் கோவா கீப்பரின் ஓன் கோலில் சமன், இஞ்சுரி டைமில் (90 நிமிடத்துக்கு மேல் ரெஃப்ரி சேர்க்கும் நிமிடங்களில்) மெண்டோசா அடித்து ஜெயித்தோம். அந்த வருடம் சென்னையில் வெள்ளம் வந்ததால் சொந்த மைதானத்து அரையிறுதியையே புனேயில் போய் ஆடிய டீம் அது.

அதனால் நான் பார்ப்பது கோல் வாங்கிய பிறகு வரும் ஐந்து நிமிடத்தைத்தான். பந்தை எனக்குக் கொடு என்று இடம் தேடி வருகிறவன் யார், எதிராளி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவன் யார் என்று அப்போது பளிச்சென்று தெரிந்துவிடும்.

பாலக்கோடு சென்டர் பேக்:

லாங்பாஸ் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சத்தத்தை அவ்வளவு லேசாகத் தள்ள வேண்டாம். நான் பின்வரிசையில் ஆடுகிறவன். ஏறு, நில், பின்னால ஆளு என்று யாராவது ஒருவர் 90 நிமிடமும் சொல்லிக்கொண்டே இருக்காவிட்டால் பின்வரிசை ஒரே கோட்டில் நிற்காது, ஒருவன் அரை அடி பிந்தினால் எதிராளியை ஆஃப்சைடில் மாட்ட வைப்பது போச்சு. அது மிரட்டல் இல்லை, வேலை.

திட்டுகிற கேப்டன் என்றாலே எல்லோரும் மான்செஸ்டர் யுனைடெட் கேப்டனாக இருந்த ராய் கீனைச் சொல்வார்கள். சரி, 1999 ஏப்ரல் 21, டுரினில் யுவென்டஸ் மேட்சை எடுத்துக்கொள்ளுங்கள், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. யுவென்டஸின் இன்சாகி 11 நிமிடத்துக்குள் இரண்டு போட்டுவிட்டார். 24வது நிமிடம் பெக்காம் கார்னரில் கீனே தலையால் ஒன்றைத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் ஜிடானை இடறியதற்கு மஞ்சள் அட்டை, முன்பு வாங்கிய அட்டைகளோடு சேர்ந்து அடுத்த ஆட்டத்துக்குத் தடை, யுனைடெட் ஜெயித்தாலும் தனக்கு ஃபைனல் இல்லை என்று அந்த நொடியே உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஓட்டத்தைக் குறைக்கவில்லை மனுஷன். 3-2 என்று ஜெயித்தார்கள், ஃபைனலில் அவர் ஆடவில்லை. தனக்கு இனி ஒன்றுமில்லை என்று தெரிந்தும் மற்றவர்களுக்காக ஓடினார் பாருங்கள், அவர் கத்தினால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

தர்மபுரி பி.டி. டீச்சர்:

தம்பி சொன்ன கீன் கதை பையன்களுக்கு அவசியம் சொல்ல வேண்டியது. கூடவே இதையும் சொல்லுங்கள். 2006 உலகக் கோப்பை ஃபைனலில் பிரான்ஸ் கேப்டன் ஜிடான் 110வது நிமிடம் மாடரெட்சியை நெஞ்சில் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார், பெனால்டியில் பிரான்ஸ் தோற்றது. அந்த மாடரெட்சிதான் பின்னால் 2015இல் சென்னையினுக்குக் கோப்பை வாங்கித் தந்த கோச். ஜிடானை விடப் பெரிய ஆட்டக்காரர் அன்று களத்தில் இல்லை, டீமுக்கு அவர் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அவர் உள்ளே இல்லை.

என் மாணவிகளிடம் நான் சொல்கிற கேப்டன் டென்மார்க்கின் சிமோன் கியேர். 2021 ஜூன் 12, ஐரோப்பிய நாடுகள் ஆடும் யூரோ கோப்பையில் ஃபின்லாந்துடன் ஆட்டம். இடைவேளை நெருங்கும்போது அவர் டீமின் எரிக்சன் திடீரென்று சுருண்டு விழுந்துவிட்டார். கியேர் ஓடிப்போய் அவரைப் பார்த்தார், கேமராக்களின் கண் படாதபடி சக ஆட்டக்காரர்களை வட்டமாக நிற்க வைத்தார், அழுதுகொண்டு வந்த எரிக்சனின் துணைவியை அணைத்து ஆறுதல் சொன்னார். அன்றே ஆட்டம் மறுபடி தொடங்கியது, கியேர் இரண்டாம் பாதியில் இதற்கு மேல் முடியாமல் வெளியே போனார். அப்படிப் போனதையும் சேர்த்துத்தான் அவரை உறுதியானவர் என்கிறேன்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தலையில் அடிபட்டு மயக்கம் வந்தாலும் எழுந்து ஆடுகிற பிள்ளையைக் கை தட்டி ஆட வைக்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தொழில்முறை ஆட்டத்திலேயே தலைக்காயத்துக்கென்று தனியாக ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி வந்துவிட்டது. பக்கத்தில் ஆடுகிறவள் தள்ளாடுவதை முதலில் பார்ப்பது கேப்டன்தான், அவள்தான் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

காவேரிப்பட்டணம் கீப்பர்:

டீச்சர், அந்தக் கடைசி விஷயத்தை எங்கள் பையன்களிடம் இந்த வாரமே பேசுகிறேன். சென்டர் பேக் தம்பி, ஒரு சந்தேகம். ரெஃப்ரியிடம் சண்டைக்குப் போகிறவனுக்குத்தான் கேப்டன் பட்டை கொடுக்க வேண்டும் என்று இங்கே ஒரு பேச்சு ஓடுகிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பாலக்கோடு சென்டர் பேக்:

கொடுக்கவே கூடாது அண்ணா. 2024 யூரோவில் ரெஃப்ரியிடம் போய் விளக்கம் கேட்க கேப்டனுக்கு மட்டும்தான் அனுமதி, வேறு யார் கூட்டம் போட்டாலும் மஞ்சள் அட்டை என்று வைத்தார்கள். கீப்பர் கேப்டனாக இருந்தால் களத்தில் இருக்கிற இன்னொருவரை அதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஆக டீமின் வாய் அந்த ஒரு ஆள்தான். அவனே முறுக்கிக்கொண்டு போனால் அடுத்த விசிலுக்கு நியாயம் கேட்க நமக்கு யாருமில்லை. உங்கள் டீமில் சண்டை நடக்கும்போது மற்றவர்களைத் தோளைப் பிடித்து இழுத்து வருகிற பையன் ஒருவன் நிச்சயம் இருப்பான், அவனிடம் கொடுத்துப் பாருங்கள்.