வில் வேட்டைக்குச் செல்பவர் இடுப்பில் கைத்துப்பாக்கி இருக்கலாமா?

வில்லாளன்:
ஒரே ஒரு கேள்வியை விவாதத்துக்கு வைக்கிறேன். அமெரிக்காவில் வில் வேட்டைப் பருவத்தில் காட்டுக்குள் செல்பவர், தன் உயிரைக் காத்துக்கொள்வதற்காக மட்டும், குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்திருக்கச் சட்டம் இடம் தர வேண்டுமா? தர வேண்டும் என்பது என் நிலைப்பாடு. வில் பருவத்தில் துப்பாக்கி கூடாது என்ற விதி, மானைச் சுட்டு வீழ்த்திவிட்டு அம்பால் வீழ்த்தியதாகக் கணக்குக் காட்டுபவர்களைத் தடுப்பதற்காக வந்தது. அதாவது, கள்ள வேட்டைக்காரனை மனத்தில் வைத்து எழுதிய விதி, நேர்மையாக உரிமம் வாங்கி, நேர்மையாக வில்லேந்திச் செல்பவரின் கையைக் கட்டிப்போடுகிறது. பென்சில்வேனியாவின் வேட்டைச் சட்டம் இதற்கு நல்ல தீர்வைக் கண்டிருக்கிறது. துப்பாக்கி ஏந்தும் உரிமம் பெற்றவர், தன்னையோ பிறரையோ காப்பதற்காக, எந்த வேட்டையின்போதும் அதை உடன் வைத்திருக்கலாம். ஆனால் அதைக் கொண்டு விலங்கை வீழ்த்தக் கூடாது. வைத்திருப்பது குற்றமன்று, தவறாகப் பயன்படுத்துவதே குற்றம் என்ற இந்தக் கோடு எல்லா மாநிலங்களிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

பரண்காவல்:
புதிதாக வேட்டைக்கு வருபவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில், வில்லாளனோடு என்னால் உடன்பட முடியவில்லை. காட்டில் வேட்டைக்காரருக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி விலங்கிடமிருந்து வருவதில்லை; நம் கையிலிருக்கும் கருவியிலிருந்தும், பக்கத்தில் நிற்பவரின் கையிலிருக்கும் கருவியிலிருந்தும், ஏறி உட்காரும் பரணிலிருந்தும்தான் வருகிறது.

2006 பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்த காடை வேட்டையை நினைத்துப் பாருங்கள். அப்போதைய துணை அதிபர் டிக் சேனி, பறந்த காடையைக் கண்ணால் தொடர்ந்தபடியே உடலைத் திருப்பிச் சுட்டார். உடன் வந்திருந்த 78 வயது வழக்கறிஞரின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ஈயக் குண்டுகள் பாய்ந்தன. பிறர் கண்ணில் தெளிவாகப் படுவதற்கான ஆரஞ்சு மேலங்கியை அவர் அணிந்திருந்தார், அது பகல் நேரம், இருவரும் ஒரே குழு, அப்படியிருந்தும் நடந்தது. 1988 நவம்பரில் மெய்ன் மாநிலத்தில், வெள்ளைக் கையுறை அணிந்து தன் வீட்டின் பின்புறம் நின்ற ஓர் இளம் தாயை மான் என்று எண்ணி ஒருவர் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதன் பிறகே, 1991இல், சுடுமுன் இலக்கு எதுவென்று உறுதிப்படுத்திக்கொள்வதை அந்த மாநிலம் சட்டக் கடமையாக்கியது.

கட்டாயப் பயிற்சி (நியூயார்க் 1949இலேயே அதைக் கொண்டுவந்தது), ஆரஞ்சு நிற ஆடை, இலக்கை உறுதி செய்யும் கடமை ஆகிய மூன்றும் வேட்டைக்காரரிடம் கூடுதல் கட்டுப்பாட்டைக் கேட்டவை. அவைதான் உயிர்களைக் காத்தன. நீங்கள் கேட்பதோ கூடுதலாக ஒரு துப்பாக்கியை. ஒரு முறை என்னோடு வந்தவர் பரணில் ஏறும்போது, பட்டை தளர்ந்த உறையிலிருந்து அவருடைய கைத்துப்பாக்கி நழுவி, பதினைந்து அடிக்குக் கீழே நின்ற என் காலருகே ஒரு வேரில் மோதி விழுந்தது. அது வெடிக்கவில்லை. ஆனால் அதன் குழல் என் பக்கம் திரும்பிக் கிடந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அன்று அந்தக் காட்டில் அவருக்கு வேறு எந்த ஆபத்தும் இருக்கவில்லை.

தனிவழி:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். இருந்தாலும் நீங்கள் சொன்ன இரண்டு துயரங்களையும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். ஒன்று ஷாட்கன்னால் நேர்ந்தது, மற்றொன்று ரைபிளால் நேர்ந்தது. இரண்டும் வேட்டைக் கருவியை விலங்கின் மீது குறிவைக்கும்போது நிகழ்ந்த பிழைகள். உறைக்குள் இருக்கும் கைத்துப்பாக்கியை யாரும் மானை நோக்கி நீட்டுவதில்லை. எனவே அந்த இரண்டையும் இந்தக் கேள்விக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. நழுவி விழுந்த துப்பாக்கி சான்றாகும். ஆனால் அது கெட்ட உறையின் குற்றம்.

என் நிலையைச் சொல்கிறேன். நான் பெரும்பாலும் தனியாக வேட்டைக்குச் செல்லும் பெண். எனக்குக் கரடி பயமில்லை. விடியலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத ஒரு காட்டு வழியின் முனையில் வண்டியை நிறுத்தினேன். பின்னால் வந்த வண்டி விளக்கை அணைத்துவிட்டு என் வண்டிக்குக் குறுக்கே நின்றது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை. கால் மணி நேரம் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தேன். பிறகு அந்த வண்டி போய்விட்டது. அது வழி தவறி வந்த வேட்டைக்காரராகவும் இருக்கலாம். ஆனால் அதன் பிறகு நான் கையில் ஒரு வில்லோடு, இருட்டில், ஒரு மைல் தூரம் நடக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு மைலுக்கு வில்லால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. காட்டில் மனிதர்களால் ஆபத்தே வராது என்று சொல்பவர்கள், 2004 நவம்பரில் விஸ்கான்சினில் மான் வேட்டையின்போது ஒரே தகராறில் 6 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை மறந்துவிடுகிறார்கள்.

பரண்காவல்:
அம்மா, நீங்கள் அந்த இருட்டில் பட்டதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் விஸ்கான்சின் நிகழ்வு உங்கள் வாதத்துக்கு எதிராகவே நிற்கிறது. பிறருடைய நிலத்திலிருந்த பரணில் ஒருவர் ஏறி உட்கார்ந்ததில் அந்தத் தகராறு தொடங்கியது. துப்பாக்கி இல்லாத இடமாக இருந்திருந்தால் அது வாய்ச்சண்டையாகவோ, மிஞ்சிப்போனால் கைகலப்பாகவோ முடிந்திருக்கும். எல்லை தாண்டியவர், பரணைப் பிடித்துக்கொண்டவர் என்று பருவந்தோறும் நடக்கும் சச்சரவுகளில், வில் பருவத்திலும் எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடு நிற்பதை நான் விரும்பவில்லை.

வடமலை:
கிரிஸ்லி கரடிகள் நடமாடும் பகுதியில் எல்க் மான் வேட்டைக்குச் செல்பவன் நான். விவாதம் மனிதர்களைப் பற்றியதாகத் திரும்பிவிட்டது. கரடியைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் கைத்துப்பாக்கிக்காக வாதாடும் பெரும்பாலோர் கரடியைத்தான் காரணம் காட்டுகிறார்கள்.

வில் வேட்டைக்காரரின் வேலையே கரடியைத் திடுக்கிட வைக்கும் வேலைதான். இலைநிற ஆடை அணிகிறோம், வாசனையை மறைக்கிறோம், காற்றுக்கு எதிராகவே நடக்கிறோம், சத்தமில்லாமல் அடியெடுத்து வைக்கிறோம். அதற்கும் மேலாக, எல்க் மானைப் போலக் குரல் கொடுத்து அழைக்கிறோம். கரடி நாட்டில் நடைப்பயணம் செல்பவருக்குச் சொல்லும் ஒவ்வொரு அறிவுரைக்கும் நேரெதிராக நடந்துகொள்கிறோம். கிரிஸ்லி மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடக்கூடியது. 100 அடியில் புதருக்குள்ளிருந்து அது எழுந்தால் நமக்கு இரண்டு விநாடி கிடைக்கும்.

அந்த இரண்டு விநாடியில் எது உதவும்? அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை கரடித் தெளிப்பான் (கரடியின் முகத்தில் மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் குப்பி) பயன்படுத்தப்பட்ட 83 நிகழ்வுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். தெளிப்பான் வைத்திருந்து கரடியை நெருக்கத்தில் எதிர்கொண்டவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர். டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் பிற ஆய்வாளர்களும் சேர்ந்து 2012இல் துப்பாக்கி தொடர்பான 269 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, துப்பாக்கி இருந்து சுட்டவர்களுக்கும், இருந்தும் சுடாதவர்களுக்கும் காயத்தின் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் எல்க் மான்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக நடக்கும் வேட்டையில் தெளிப்பான் கட்டாயம். ரைபிளோடு செல்பவரிடமே தெளிப்பானை வைத்திருக்கச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வில்லாளன்:
வடமலை அவர்கள் ஆய்வுகளைச் சரியாகச் சொன்னார். ஆனால் பாதியைச் சொன்னார். 2008 ஆய்வின் 83 நிகழ்வுகளில், பாய்ந்து வந்த கரடிகளோடு, வேடிக்கை பார்க்க வந்தவையும் உணவு தேடி வந்தவையும் அடக்கம். அப்படி வந்த கரடியைத் தெளிப்பான் விரட்டுவதில் வியப்பில்லை. 2012 ஆய்விலோ, கைத்துப்பாக்கியால் கரடியைத் தடுக்க முயன்றவற்றில் 84 விழுக்காடு வெற்றி பெற்றதாகவும், ரைபிள், ஷாட்கன் போன்ற நீண்ட துப்பாக்கிகளில் அது 76 விழுக்காடு என்றும் அதே ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். தெளிப்பானை எதிர்க்காற்றில் அடித்தால் என்ன ஆகும் என்பதை நான் என் கண்ணாலேயே அறிந்திருக்கிறேன். பயிற்சிக்காக அடித்துப் பார்த்து அரை மணி நேரம் ஓடை நீரில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

தெளிப்பான் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் இடுப்புப் பட்டையில் இரண்டும் இருக்கின்றன. எதை எடுப்பது என்பதை அந்த இரண்டு விநாடியில் காற்றையும் தூரத்தையும் பார்த்து நான் முடிவு செய்ய வேண்டும். சட்டசபையில் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாது.

வடமலை:
முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். ஆனால் சுட்ட பிறகு என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாநிலங்களில் கிரிஸ்லி 1975 முதல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களுக்கான கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற விலங்கு; தற்காப்புக்காகவே சுட்டிருந்தாலும் விசாரணை உண்டு. அலாஸ்காவில் தற்காப்புக்காகக் கரடியைக் கொன்றவர், அதை உரித்து, நகங்களோடு கூடிய தோலையும் மண்டையோட்டையும் அரசிடம் ஒப்படைத்து, 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். அடிபட்டு, நடுங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் ஒரு கரடியை உரிப்பது என்றால் என்னவென்று, எல்க் மானை உரித்தவர்களுக்காவது புரியும். தெளிப்பான் அடித்தவர் வீட்டுக்குப் போய்விடுவார், கரடியும் போய்விடும்.

சட்டவரி:
இதுவரை யாரும் தொடாத ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதே ஓர் ஆபத்து. 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கக்கூடியவர், இடையிலுள்ள மாநிலங்களின் வழியே அதைக் குண்டில்லாமல், கைக்கெட்டாத இடத்தில் வைத்து எடுத்துச் செல்லலாம். தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி 22 முதல் துப்பாக்கி வைத்திருப்பது அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. ஆனால் சுடுவதற்கான தடை அப்படியே இருக்கிறது. இவற்றையெல்லாம் கடந்து ஒரு வார வேட்டைக்குச் செல்பவர், எல்லைகளிலும் வண்டி நிறுத்துமிடங்களிலும் பலமுறை குண்டைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது. உறையில் சும்மா இருக்கும் துப்பாக்கி தானாக வெடிப்பதில்லை. குளிரில் விறைத்த விரல்களால், வண்டியின் பின்னிருக்கையில் குண்டைக் கழற்றும்போதுதான் தவறு நேர்கிறது. வில்லாளன் கேட்கும் ஒரே விதியை நான் ஆதரிப்பதற்கு இதுதான் காரணம்.

பரண்காவல்:
சட்டவரி சொன்னதை நான் ஏற்கிறேன். இந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. என் பயிற்சியிலும் மிக அதிகமாகத் திருத்த வேண்டியிருப்பது குண்டை மாட்டும் கையையும் கழற்றும் கையையும்தான்.

எனவே என் எதிர்ப்பை இப்படி மாற்றிக்கொள்கிறேன். சட்டம் அனுமதிக்கட்டும், ஆனால் நிபந்தனையோடு அனுமதிக்கட்டும். விசை முழுவதையும் மூடும், பூட்டிப் பிடிக்கும் உறை இருக்க வேண்டும். பரணில் ஏறுபவர் ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக் கூடாது, குண்டைக் கழற்றிக் கயிற்றில் கட்டி, குழல் கீழ்நோக்க மேலே இழுத்துக்கொள்ள வேண்டும் என்று கற்பிக்கிறோம். அதே ஒழுங்கைக் கைத்துப்பாக்கிக்கும் எழுதிவைக்க வேண்டும். உறையிலிருந்து எடுப்பதையும் திரும்ப வைப்பதையும் குண்டில்லாத துப்பாக்கியால் பயிற்சி செய்து காட்டிய பிறகே வில் பருவ அனுமதி தர வேண்டும். கைத்துப்பாக்கி விற்பனையில் வசூலிக்கப்படும் 10 விழுக்காடு கூட்டாட்சி வரி, 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின் கீழ் வேட்டைப் பயிற்சிக்கும் பயன்படுகிறது. செலவுக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது.

தனிவழி:
உறையைப் பற்றியும், உறையிலிருந்து எடுக்கும் பயிற்சியைப் பற்றியும் எனக்கு மறுப்பு இல்லை; இரண்டையும் நானே விரும்பிக் கற்றேன். கைத்துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி இழுப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஏணியில் பாதி உயரத்தில், முதுகைக் காட்டியபடி, இரு கைகளும் மரத்தைப் பற்றியிருக்கும்போதுதான் நான் மிகவும் பாதுகாப்பற்று இருக்கிறேன். என் துப்பாக்கி அப்போது கீழே புல்லில் கிடக்கக் கூடாது. பூட்டிப் பிடிக்கும் உறையைச் சட்டம் கேட்கிறது என்றால், அந்த உறையைச் சட்டம் நம்பவும் வேண்டும்.

பரண்காவல்:
அந்த ஒன்றில் நாம் இன்னும் எதிரெதிரே நிற்கிறோம். வரும் வாரம் பயிற்சித் திடலில், குண்டில்லாத துப்பாக்கியைப் பூட்டு உறையில் வைத்து, பரண் ஏணியில் இருபது முறை ஏறி இறங்கிப் பார்க்கப் போகிறேன், கையுறையோடும் கையுறையின்றியும். ஒரு முறை நழுவினாலும் கயிறு வேண்டும் என்ற என் நிபந்தனை நிற்கும். நழுவாவிட்டால் அதை இங்கேயே எழுதி விலக்கிக்கொள்கிறேன்.