புதுப்பிப்பு: ஏர் ரைஃபிள் குண்டு சிதறுவது நின்றது

போன மாதம் கேட்டிருந்தேனே, 0.177 அங்குலக் குழல் ஏர் ரைஃபிளில் 10 மீட்டரில் அஞ்சு குண்டு சுட்டால் எலுமிச்சம்பழ அகலத்துக்குச் சிதறுகிறது என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஸ்கோப் திருகை இறுக்கினேன், பலனில்லை. பேரலைத் துடைத்தேன், கொஞ்சம் தேவலை. கூர்மூக்குக் குண்டை விட்டுத் தட்டைமூக்குக்கு மாறச் சொன்ன அண்ணனின் யோசனைதான் வேலை செய்தது; அதே ரேஞ்ச், அதே கை, இப்போது அஞ்சும் சட்டைப் பொத்தான் அளவுக்குள் விழுகிறது, இலக்கு அட்டையிலும் கிழியாமல் பஞ்ச் அடித்த மாதிரி வட்ட ஓட்டை. குண்டின் தலை விட்டம் 4.49, 4.50 மி.மீ. என்று இரண்டும் வாங்கிப் பார்த்தேன், என் ரைஃபிளுக்கு 4.50தான் பிடிக்கிறது. உங்களுடையதற்கு மாறலாம்.

எதிர்பாராதது ஒன்று: பழைய டப்பாவைக் கொட்டிப் பார்த்தால் பாதிக் குண்டுகளுக்குப் பின்பக்க விளிம்பு நசுங்கியிருந்தது, மேலே வெள்ளைப் பொடி வேறு. தண்டையார்பேட்டை உப்புக்காற்றோ என்னவோ. இப்போது இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன், ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் போடுகிறேன். ஈயம் என்பதால் அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பெருச்சாளிக்கு ஆகுமா என்று கேட்டவருக்கு: தட்டைமூக்கு தூரம் போகப் போகச் சட்டென்று வேகம் இழக்கும், இது அட்டைக்கு மட்டும்தான்.