பூசாத செங்கல் சுவரில் உப்பு பூக்கிறது, வார்னிஷும் உரிகிறது

கேள்வி:
ஹாலில் ஒரு சுவரை மட்டும் பூசாமல் செங்கல் தெரியும்படி விட்டிருக்கிறோம். 9 அங்குலச் சுவர். கட்டி முடித்த ஒரே மாதத்தில் பளபளப்புக்காக அக்ரிலிக் வார்னிஷ் 2 கோட் அடித்தாச்சு. இப்போது கீழிருந்து நாலைந்து வரி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வார்னிஷ் கொப்புளித்த இடத்தில் தட்டினால் செங்கல் மாவாகக் கொட்டுகிறது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? சுவருக்கு மறுபக்கம் செடித்தொட்டி கட்டியிருக்கிறது.

பதில் 1:
ஆசிட் வேண்டாங்க. அது மூட்டுக் கலவையை அரிக்கும், கழுவுற தண்ணி உப்பைத் திரும்ப உள்ளே இழுத்துட்டுப் போகும்.

நீங்க கடைசியா சொன்ன தொட்டி மேலதான் எனக்குச் சந்தேகம். ஈர மண்ணிலிருந்து தண்ணி சுவருக்குள்ள வரும்போது உப்பையும் கரைச்சுக் கொண்டுவருது. வெளிமுகத்துல காய்ஞ்சா வெறும் வெள்ளைப் பொடி, தட்டிவிட்டாப் போச்சு. வார்னிஷ் வழியை அடைச்சதால உப்பு அதுக்குப் பின்னாடியே படிகமாகி செங்கல் தோலைத் தள்ளுது. மாவு கொட்டுறது அதனாலதான்.

ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைக் கீழே ஒண்ணு, 5 அடி உயரத்துல ஒண்ணு, நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. 48 மணி நேரம் கழிச்சுச் சுவர்ப்பக்கம் வேர்த்திருக்கான்னு பாருங்க.

கேள்வி கேட்டவர்:
கீழ்த்தாள் நன்றாக வேர்த்திருக்கிறது, மேலே காய்ந்திருக்கிறது.

பதில் 1:
அப்போ மண்ணை எடுத்துட்டு, தொட்டியைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்க. வார்னிஷைப் பெயிண்ட் ரிமூவர் போட்டு எடுங்க. கிரைண்டர் வைக்காதீங்க, சூளையில வெந்த மேல்தோல் போயிடும். உப்பைக் காய்ஞ்ச நார் பிரஷால தேய்ச்சு முறத்துல பிடிங்க. வாரம் ஒரு தடவை, பூப்பது நிற்கும் வரை. அப்புறம் தண்ணியை ஒட்டவிடாத சிலேன்-சிலாக்ஸேன் பூச்சு ஒரு கோட். பளபளப்பு வராது, ஆனா சுவர் மூச்சுவிடும்.

தொட்டியை எடுத்தும் ஈரம் ஏறினா, அடித்தளத்துல டி.பி.சி. (மண் ஈரம் சுவர்ல ஏறாம தடுக்குற அடுக்கு) இல்லை, இல்லேன்னா கெட்டுப்போயிருக்கலாம்.

பதில் 2:
மாவான செங்கல்லை மாத்தும்போது அடுத்தடுத்த கல்லை ஒரே நேரத்துல எடுக்காதீங்க. புதுக்கல்லுல உப்பு இருக்கான்னு பார்க்க, ஒண்ணைத் தட்டுல 25 மி.மீ. தண்ணியில செங்குத்தா நிறுத்தி, முழுசா வற்றினதும் திரும்ப ஊத்தி வற்றவிடுங்க. 10 சதவீதப் பரப்புக்கு மேல வெளுத்தா அந்த லோடே வேண்டாம். கலவை சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’னு 1:3 போட்டா ஈரம் மூட்டு வழியா வராம செங்கல் வழியா வரும், அரிக்கிறதும் செங்கல்லைத்தான்.

கேள்வி கேட்டவர்:
கீழ் நாலு வரிக்கு டைல் ஸ்கர்ட்டிங் ஒட்டி மறைத்துவிடலாமா?

பதில் 2:
ஒட்டினா ஈரம் டைலுக்கு மேல ஏறி, அஞ்சாவது வரியில பூக்கும்.